மதுரையில் புக் செய்த வண்டி

ஜூன் 4, ஞாயிறு

காய்கறி வாங்கப் போன மனுஷன் கார் படம் போட்ட புத்தகத்தோடு வந்து நின்றார். கத்திரிக்காய் எங்கே என்றேன். அது கிடக்கட்டும், இதைப் பாரு என்று அடுப்பு மேடையிலேயே விரித்துப் போட்டார்.

எங்கள் கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் புதிதாக ஒரு ஷோரூம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே பத்து நிமிஷம். அங்கே ரெஜினா என்கிற பெண் வேலை பார்க்கிறாள். நான் அமைப்பாளராக இருக்கிற பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் முன்பு சமையல் செய்த மரியாளின் மகள்தான். இவரை உட்காரவைத்து டீ கொடுத்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள். வெள்ளைக் கலர் வண்டி கையிலேயே இருக்கிறதாம். புதன்கிழமையே எடுத்துக்கொள்ளலாமாம்.

என் வீட்டுக்காரர் கொம்பையா முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். கடைசிப் பதினேழு வருஷம் கோவில்பட்டி - மதுரை வண்டி. ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. ரிட்டயர் ஆனதும் சொந்தக் கார் வாங்கி, உன்னை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டுவேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னார். எத்தனையோ பேச்சு மாற்றியிருக்கிறார், இதை மட்டும் மாற்றவில்லை. ரிட்டயர் ஆன பணமும் வந்துவிட்டது. கேட்பதில் தப்பு ஒன்றுமில்லை.

நான்தான், "மதுரையில கொறச்சுத் தாராங்களாம். அங்கயும் ஒரு எட்டு பாத்துட்டு வருவமே" என்றேன்.

யார் சொன்னா என்றார். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்றேன். எந்த டீச்சரும் சொல்லவில்லை.

ஜூன் 5, திங்கள்

மதுரையில் வாங்குவதால் என்ன நல்லது என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய ஊர். நிறைய வண்டி இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் மாவு அரைத்தேன்.

ஜூன் 8, வியாழன்

நோட்டில்கூடப் பொய் எழுதினால் நான் எங்கேதான் போய் உண்மை பேசுவது.

சித்திரை மாசம் இவரைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். பங்குனி முழுக்க ஒன்று மாற்றி ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. மின்சாரக் கட்டணம் ஒரே நாளில் இரண்டு தடவை கட்டப் போனார். செத்துப்போன தன் அக்காவுக்குப் பொங்கல் படி, அதான் பொங்கல் சீர், கொடுத்தாச்சா என்று கேட்டார். டாக்டர் மூன்று வார்த்தை சொல்லி மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னார். குடை, மாங்காய், கதவு. கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். குடை என்றார் இவர். மாங்காய் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் எது காணாமல் போனாலும் அப்படித்தான் என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வைத்து டாக்டர் சொன்னார். இது மறதி நோயின் ஆரம்பம், கூடிக்கொண்டேதான் போகும், வண்டி ஓட்டுவதை மட்டும் இப்போதே நிறுத்திவிடுங்கள் என்றார். சரி என்று தலையாட்டினேன். இவரிடம், உடம்பில் சத்துக் குறைவாம், மாத்திரை போடணுமாம் என்று சொன்னேன். மொபெட்டை அடுத்த வாரமே விற்றுவிட்டேன், பஞ்சர் ஒட்டி மாளவில்லை என்று.

சொல்லியிருக்கலாம். ஓட்டாதே என்று இவரிடம் சொல்வதும், நீ கொம்பையா இல்லை என்று சொல்வதும் ஒன்றுதான். எனக்கு வாய் வரவில்லை. மகள் அனுசுயா கோயம்புத்தூரில் இருக்கிறாள், அவளிடமும் சொல்லவில்லை. டாக்டர் சீட்டு அரிசி டிரம்முக்கு அடியில் இருக்கிறது.

ஜூன் 11, ஞாயிறு

மதுரை போய் வந்தோம். பஸ் டிரைவர் இவருக்குப் பழக்கம். போகும்போது இவருக்கு இன்ஜின் பக்கத்துச் சீட்டைக் கொடுத்து ராஜ மரியாதை. விருதுநகர் வரைக்கும் இரண்டு பேரும் பழைய மேனேஜரைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். பழைய சங்கதி எதுவும் இவருக்கு ஒரு சொல் பிசகவில்லை.

மதுரை ஷோரூம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. விற்பனை மேலாளர் பெயர் அழகர்ராஜ். விலை இங்கே உள்ளதுதான், ஒரு சல்லி குறையவில்லை. வெள்ளை வேண்டுமென்றால் பத்து நாளில் தருவதாகச் சொன்னார். நீலம் எப்போது வரும் என்று நான் கேட்டேன். நீலம் குறைவாகத்தான் வருகிறது அம்மா, பத்து வாரம் பன்னிரண்டு வாரம்கூட ஆகும் என்றார்.

"அப்ப நீலந்தான் வேணும்" என்றேன்.

இவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். சேலைக் கடையில்கூட நீயே எடு என்று சொல்கிறவள் நான். பிறகு சிரித்துவிட்டார். "சரி சரி, அவ ஆசப்பட்டுட்டா. நீலமே போடுங்க தம்பி" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னார், என் வீட்டுக்காரிக்கு நீலம்தான் பிடிக்குமாம், அதுக்காக மூணு மாசம் காத்துக்கிடக்கோம் என்று. அவ்வளவு சந்தோஷம் முகத்தில். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு நீலம் பிடிக்கவே பிடிக்காது.

ஜூன் 19, திங்கள்

முட்டை வரத்து இல்லை. பிள்ளைகளுக்குச் சுண்டல் போட்டுச் சமாளித்தோம்.

ஜூன் 27, செவ்வாய்

பள்ளிக்கூடத்து வாசலில் ரெஜினா நின்றாள். சார் தினமும் ஷோரூமுக்கு வந்து வெள்ளை வண்டியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம். வருவதில் ஒன்றுமில்லை டீச்சர் என்றாள். இன்றைக்கு ஒரே விலையை நான்கு தடவை கேட்டாராம். நான்காவது தடவை, நீ யார் பிள்ளை என்று அவளையே கேட்டாராம்.

"சாருக்கு ஒண்ணும் இல்லல்ல டீச்சர்?" என்றாள் தணிந்த குரலில்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அவருக்குக் காது மந்தம், நீங்கள்லாம் வாய்க்குள்ளேயே பேசினா அவர் என்ன செய்வார், வண்டி விக்காத கோபத்துல ஊர்ல கண்டதையும் பேசிக்கிட்டுத் திரியாத என்று கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். தங்கமான பிள்ளை. மரியாள் இருந்திருந்தால் என்னைக் காறித் துப்பியிருப்பாள்.

மதுரைக்காரனுக்கு எங்களைத் தெரியாது. அந்த அழகர்ராஜ் நாளைக்குப் பார்த்தால் அடையாளம்கூடக் கண்டுபிடிக்க மாட்டான். தூரமாக இருப்பதில் அது ஒரு வசதி. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஜூலை 6, வியாழன்

அனுசுயா போன் செய்தாள். வீட்டு வாசலில் ஷோரூமை வைத்துக்கொண்டு எதற்கு மதுரை, நாளைக்குச் சர்வீஸ் விட யார் அலைவது என்று சண்டை. கலர் என்றேன். உனக்கு எப்போதிருந்து கலர் பித்து என்றாள். அப்பாவிடம் கொடு என்றாள். கொடுத்தேன். மகளோடு பேசும்போது நன்றாகத்தான் பேசுகிறார். போனை வைத்ததும், யார் பேசினது என்று கேட்டார்.

ஜூலை 9, ஞாயிறு

பால் வாங்கப் போனவரை ரயில்வே கேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஆட்டோக்காரர் கூட்டி வந்தார். பால் பாக்கெட் வெயிலில் திரிந்துபோயிருந்தது. ரொம்ப நேரம் கேட்டைப் பூட்டி வைத்துவிட்டான் என்றார் இவர். நானும் ஆமாம் என்றேன்.

ஜூலை 15, சனி

மதுரையிலிருந்து போன். யாரோ புக்கிங்கை ரத்து செய்துவிட்டார்களாம், நீல வண்டி ஒன்று நமக்கு வந்துவிட்டதாம், திங்கள்கிழமை எடுத்துக்கொள்ளலாமாம். கொடுத்துவைத்தவர்கள் அம்மா நீங்கள் என்றார் அழகர்ராஜ்.

திங்கள் ஆடி ஒன்று. ஆடியில் நாங்கள் புது வண்டி எடுக்க மாட்டோம் தம்பி, ஆவணிக்கு வைத்துக்கொள்வோம் என்றேன். அவராலும் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு மாசம் கிடைத்தது. எண்ணெய் வாங்கி அம்பாளுக்கு விளக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பெருக்கு. எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு. இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, இன்னைக்கு என்ன சமையல் என்றார்.

எழுதிவிடுகிறேன். நான் மதுரையைச் சொன்னதும் நீலம் என்றதும் ஆடி என்றதும் எல்லாம் ஒரே கணக்கில்தான். நாள் தள்ளத் தள்ள இவருக்குக் கார் மறந்துவிடும் என்று நினைத்தேன். எல்லாம் மறக்கிறதே, இதுவும் மறக்காதா என்று. சண்டை இல்லாமல், அழுகை இல்லாமல், ஓட்டாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் முடிந்துவிடும் என்று. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. என் புருஷனுக்கு வியாதி சீக்கிரம் முற்ற வேண்டும் என்று இரண்டு மாசமாக நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கார் மறக்கவில்லை. காலண்டரில் வண்டி எடுக்கக் குறித்த ஆவணிப் பௌர்ணமியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார். என் பெயருக்குக்கூட இப்போதெல்லாம் ஒரு நிமிஷம் தேடுகிறார், அந்தத் தேதிக்குத் தேடுவதில்லை.

ஆகஸ்ட் 12, சனி

மதுரையிலிருந்து வண்டியைக் கொண்டுவர ஆக்டிங் டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்யலாமா என்று மெதுவாகக் கேட்டேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம் என்றேன்.

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "ஊரையே கூட்டிட்டுப் போனவன் நான். என் வண்டிய என் வீட்டுக்குக் கொண்டார நீ ஆளு வைக்கியா?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் வரைக்கும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். அழுதாரோ என்னவோ, நான் பக்கத்தில் போகவில்லை.

ஜூன் மாசமே ரெஜினாவிடம் வாங்கியிருந்தால் பத்து நிமிஷத் தூரம். முன்னால் ஒரு ஆள் நடந்தே கூட்டி வந்திருக்கலாம். மெத்தப் புத்திசாலி மாதிரி நூறு கிலோமீட்டர் தள்ளிப்போய் வாங்கி, அந்த நூறு கிலோமீட்டரையும் இவரையே ஓட்ட வைத்திருக்கிறேன்.

புக்கிங்கை ரத்து செய்ய இரண்டு தடவை போனை எடுத்தேன். இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்காவது நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

மதுரையில் வண்டிக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அட்டையில் செய்த பெரிய சாவியை எங்கள் இரண்டு பேர் கையிலும் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். இவர் பஸ் ஓட்டிய காலத்தில் போட்ட மாதிரி தலையைப் படிய வாரி, சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டிருந்தார். முன்கதவைத் திறந்து, "ஏறு செம்பகம்" என்றார். ஏறினேன்.

அவ்வளவு அருமையாக ஓட்டினார். கை தானாகப் போகிறது, கால் தானாகப் போகிறது. கண்ணாடியைப் பார்க்கிறார், இண்டிகேட்டர் போடுகிறார், லாரியைத் தாண்டும்போது ஒரு குலுக்கல் இல்லை. திருமங்கலம் தாண்டினோம், விருதுநகர் தாண்டினோம். அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். மூன்று மாசமாக இந்த மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்றுகூட நினைத்தேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இப்படி உட்கார்ந்து போகத்தானே நானும் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

சாத்தூர் வந்ததும் நான்குவழிச் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினார். சேவு வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குள் விட்டார். ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். கோவில்பட்டி வண்டி நிற்கும் இடத்தில் கச்சிதமாக நிறுத்திவிட்டு, இறங்கி டைம் கீப்பர் அறைக்கு நடந்தார். அங்கே இருந்தவர் இவரைத் தெரிந்தவர். கொம்பையா அண்ணே, புது வண்டியைக் காட்ட இங்கேயே கொண்டுவந்துட்டீங்களா என்று சிரித்து, வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். இவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வேடிக்கைக்குத்தான் செய்தார் என்று என்னை நானே நம்ப வைத்தேன்.

சாத்தூரைத் தாண்டி, கிராமத்து ரோடு பிரிகிற முதல் விலக்கு ஸ்டாப்பில் ஓரமாக நிறுத்தினார். யாரும் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, இவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். என்னங்க என்றேன். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. விசிலுக்கு. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தால்தானே வண்டி எடுப்பார்.

"போலாம்" என்றேன். உடனே எடுத்தார்.

அப்புறம் ஒவ்வொரு விலக்கிலும் நிறுத்தினார். ஒவ்வொரு இடத்திலும் நான் போலாம் சொன்னேன். சாவியைப் பிடுங்கலாமா என்று நினைத்தேன், ஓடுகிற வண்டியில் பயமாக இருந்தது. நிற்கிற நேரத்தில் பிடுங்கியிருக்கலாம். அந்த நேரமெல்லாம் இன்னும் கொஞ்ச தூரந்தான், வீடு வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். மூன்று மாசமாக நாள் தள்ளியவள் இல்லையா நான்.

எங்கள் தெருவுக்கு முன்னால் பால் பண்ணை ஸ்டாப்பில் நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. டிக்கெட் எடுத்தவர்களைப் பார்க்கிற முகம்.

"பால் பண்ணை வந்துருச்சும்மா. எறங்கிக்கோங்க" என்றார்.

இறங்கினேன். கதவை நானே திறந்து, நானே மூடினேன். வண்டி கிளம்பிப் போனது. ஏன் இறங்கினேன் என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயந்துபோய் இறங்கினேன் என்று அனுசுயாவிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. காலைத் தரையில் வைத்ததும் ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது. இனிமேல் என் கையில் ஒன்றும் இல்லை என்று இருந்தது. அந்த நொடியில் அவர் எங்கே போவார், என்ன ஆவார் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறந்தான் கத்தினேன். ஸ்டாப்பில் நின்றவர்கள் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்கள். இவர் வேலை பார்த்த பஸ் டிப்போவுக்குப் போகச் சொன்னேன். அங்கே இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நீலக் கார் ஒழுங்காக நின்றது. இவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார், மாற்று டிரைவர் வரவில்லை என்று. ஒரு கீறல் இல்லை, யாருக்கும் ஒரு அடி இல்லை. டிப்போக்காரர்கள் சுற்றி நின்றார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

என்னைப் பார்த்ததும், "செம்பகம், நீ எங்க இங்க?" என்றார். பெயரைத் தேடவே இல்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

அனுசுயாவும் மருமகனும் வந்தார்கள். அரிசி டிரம்மை நகர்த்தி டாக்டர் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காரை மருமகன் கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். இவர் வாசலில் நின்று கை காட்டினார். மாப்பிள்ளை நல்ல வண்டி வாங்கியிருக்கார் என்றார்.

செப்டம்பர் 6, புதன்

பருப்பு, உப்பு, முட்டை இருப்புக் கணக்கு எல்லாம் சரி. பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தேன்.

ரெஜினா வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அழுதுவிட்டேன். அவளும் அழுதாள்.

செப்டம்பர் 11, திங்கள்

வாங்கியது மறந்துவிட்டது. வாங்க வேண்டும் என்பது மறக்கவில்லை. காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு, எட்டயபுரம் ரோட்டில் ஒரு ஷோரூம் வந்திருக்காம், பார்த்துவிட்டு வருவோமா என்றார். மதுரை எல்லாம் எதற்கு, பக்கத்திலேயே இருக்கும்போது என்றார்.

நடந்தே போனோம். கையைப் பிடித்துக்கொண்டேன், பிடிக்க விட்டார். ரெஜினா எதுவும் கேட்கவில்லை. ஒரு வண்டியின் இரண்டு முன்கதவையும் திறந்துவிட்டு, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள். இவர் சீட்டைப் பின்னால் தள்ளிச் சரிசெய்துகொண்டார், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

ரோட்டைப் பார்க்கிற மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு, "எங்க போவணும்?" என்றார்.

கேட்டது என்னையா, வண்டியில் ஏறிய யாரோ ஒரு அம்மாவையா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்க எங்க போறீங்களோ அங்கதான் என்று சொன்னேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, எறங்கணுமாம்மா என்று கேட்டார். இல்லை என்றேன். ரெஜினா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவைப் பூட்ட வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.